நீல பல்பு எரிகிற வீடு

என் பிள்ளைகள் இரண்டு பேரும் தோளுக்கு மேல் வளர்ந்த அந்தச் சில வருடங்களில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: "லைட்டை நிறுத்து." சாமி பெயரைக்கூட அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டேன். குளியலறையில் ஆள் இருக்க மாட்டார்கள், விளக்கு எரியும். சமையற்கட்டில் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போன பிள்ளை, விளக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருக்கும். ஊரே பளிச்சென்று வெயிலில் கிடக்கும்போது எங்கள் கொல்லைப்புறத்துக் குண்டு பல்பு மட்டும் தன் பங்குக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இப்பதான்மா வந்தேன்" என்பாள் பெரியவள். "நான் போடல, அக்காதான்" என்பான் சின்னவன். அவள் அப்போது ப்ளஸ் ஒன், அவன் ஒன்பதாவது. இரண்டு பேருக்கும் காது இருந்தது, ஆனால் என் குரல் மட்டும் அதற்குள் நுழையாது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்தால் கேட்கும். பக்கத்து வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னால் கேட்கும். நான் கத்தினால் மட்டும் கேட்காது.

கரண்ட் பில்லுக்காக நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் விளக்கு என்பது தூக்கத்தின் எதிரி. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டையும் என் வீட்டுக்காரரின் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிகள் வந்தபோது எங்கள் நிலமும் அதில் போனது. அதுவரை மாடு ஓட்டியவர், காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தார். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மெஷின் இறங்கும். மறுபடி வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். மாட்டுக்காவது பின்னால் நடப்பவன் மேல் கொஞ்சம் தயவு இருக்கும், இதுக்கு இல்லை என்பார். காலை ஷிப்ட் ஒரு வாரம், மதிய ஷிப்ட் ஒரு வாரம், நைட் ஷிப்ட் ஒரு வாரம் என்று மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில்தான் தூங்கியாக வேண்டும்.

வீடோ ஒரே நீளக் கூடம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாதிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் பழைய ஜமக்காளத்தால் மூடி வைத்திருந்தேன். அதனால் பட்டப்பகலிலும் கூடம் இருட்டாக இருக்கும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் முதல் காரியமாக டியூப் லைட்டைப் போடுவார்கள். அந்த வெளிச்சம் பாதிச் சுவரைத் தாண்டி, நேராகப் போய் அவர் முகத்தில் விழும். அவர் திரும்பிப் படுப்பார், கையால் கண்ணை மூடிக்கொள்வார், ஆனால் எழுந்து திட்ட மாட்டார். திட்டுகிற இலாகா என்னுடையது.

ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில் என் நாத்தனார் உச்சிவெயிலில் வந்து கதவை இடித்தார். சுங்குவார்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டுக்காரரோடு ஏதோ தகராறு, பொறுக்க முடியாமல் தம்பியிடம் சொல்லி அழ வந்துவிட்டார். என் மாமியார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். அக்கா அழுதால் இவருக்குத் தூக்கம் எங்கே வரும்? சாயங்காலம் வரை உட்கார்ந்து ஆறுதல் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு, ஒரு பொட்டுக் கண் மூடாமல் அப்படியே ஷிப்டுக்குப் போனார். அன்றைக்கு மெஷின் இறங்கும்போது கையை எடுக்க ஒரு கணம் தாமதமாகிவிட்டது. இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பார்த்து நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் பாவி, நானே எந்தம்பி கையைத் துண்டு பண்ணிட்டேனே" என்று அவர் அழுததில் எனக்கு வந்த கோபமெல்லாம் அடங்கிவிட்டது. இவரோ சாதாரணமாக, "விடுக்கா, ஒரு விரலு நுனிதானே. மோதிரம் போடுற எடம் பத்திரமாத்தான் கீது" என்றார்.

அந்தக் கட்டு பிரித்த வாரத்தில்தான் நீல பல்பு வந்தது.

யோசனை அவருடையது. கம்பெனியில் மெஷினுக்கு மேலே கலர் கலராக விளக்கு வைத்திருப்பார்களாம். ஒரு கலர் எரிந்தால் ஓடுது, இன்னொரு கலர் எரிந்தால் நின்றுபோச்சு, கிட்டே வராதே என்று அர்த்தமாம். அதே மாதிரி வாசலில் ஒன்று வைத்துவிட்டால் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, பார்த்ததும் தெரிந்துகொள்வார்கள் என்றார். சிவப்பு வாங்கலாம் என்று சொன்னவரை நான் ஒரு பார்வை பார்த்தேன். நீலத்துக்கு இறங்கி வந்தார்.

ஒயர் இழுத்தது எங்கள் பெரியவள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன் என்று இவர் சொல்ல, "எதுக்கு நைனா? நானே பண்றேன்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு கிறுக்கு. மிக்ஸியைப் பிரித்து மாட்டுவாள், ரேடியோவைப் பிரித்து மாட்டாமல் விடுவாள். மெயினை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, பல்லால் ஒயரைச் சீவி, கட்டில் தலைமாட்டில் ஸ்விட்சும் வாசல் நிலைக்கு மேலே ஹோல்டருமாக அவள் மாட்டி முடிக்கும்வரை இவர் அப்போதுதான் கட்டுப் பிரித்த கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்விட்சைப் போட்டதும் பகல் வெளிச்சத்தில் அந்த ஜீரோ வாட்ஸ் பல்பு சோகையாக எரிந்தது. இவர் தெருவுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது, எம்பொண்ணு போட்ட லைட்டு" என்று எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். அந்தச் சத்தமே இன்னும் காதில் இருக்கிறது.

சட்டம் இதுதான். நீல பல்பு எரிந்தால் கூடத்தில் டியூப் லைட் கூடாது, டி.வி. கூடாது, குக்கர் விசில் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. பேசுவதென்றால் கொல்லைப்புறத்தில். தூங்கி எழுந்து அவரே அதை நிறுத்துகிறவரை இப்படித்தான்.

என் பிள்ளைகள் இதற்கு எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? கட்டுப்படவில்லை. சின்னவன் சத்தமில்லாமல் டி.வி. போட்டுப் படம் மட்டும் பார்ப்பான், விக்கெட் விழுந்தால் தன்னை மறந்து கத்துவான். பெரியவள் படிக்கிறேன் என்று டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, நான் முறைத்தால் "டியூப் லைட்டுக்குத் துணி கட்டியிருக்கேன்மா, வெளிச்சம் அந்தப் பக்கம் போவாது" என்று விஞ்ஞானம் பேசுவாள். என் பழைய பாவாடை அதன் மேல் தொங்கும்.

ஆனால் தெரு கட்டுப்பட்டது. அதுதான் அதிசயம். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளுவார். பால்காரர் குவளையைத் தட்டாமல் ஊற்றுவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் பல்பைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டிலெல்லாம் நீல பல்பு முளைத்தது. தெருக்கோடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், ஒரே பாயில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்குகிறவர்கள், அவர்களும் ஒன்று மாட்டினார்கள். "எக்கா, இத மாட்டுன பொறவுதான் நிம்மதியா உறங்குதோம்" என்று என்னிடம் சொன்னான் அதில் ஒருவன். அவர்கள் ரூமில் எந்நேரமும் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்ததால் அந்த பல்பை நிறுத்தியதே கிடையாது.

எல்லாரையும்விட அதிகம் மதித்தது என் நாத்தனார்தான். கோயில் விளக்கைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். பல்பு எரிந்தால் கேட்டைத் தொடவே மாட்டார். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொண்டு வந்த முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி எழுந்திருக்கிறவரை காத்திருப்பார்.

இப்படி மரியாதை ஏறிப்போன பொருளை என் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? சின்னவன்தான் ஆரம்பித்தான். அவனுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிற வாத்தியார் வீட்டுக்கே வருவார். ஒருநாள் அவர் வருகிற நேரத்துக்கு, அப்பா வேலையில் இருக்கும்போதே, நீல பல்பைப் போட்டுவிட்டான். வாத்தியார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே திரும்பிப் போனார். இரண்டு மூன்று தடவை இது நடந்த பிறகுதான், "உங்க வீட்டுக்காரருக்கு இன்னாம்மா, எந்நேரமும் நைட் ஷிப்டா?" என்று அவர் கடைத்தெருவில் என்னைக் கேட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் குரல் கோபத்தில் உயர்ந்ததை நாங்கள் மூன்று பேரும் முதன்முதலாகக் கேட்டோம். சின்னவனை எதிரில் நிறுத்தி, "ஆளு தூங்கலன்னா அந்த பல்பு எரியக் கூடாது. நீ பொய்யா போட்டுக்கினே இருந்தா, நாளிக்கி நெஜமா எரியறப்ப எவன் மதிப்பான்? எந்தலைமாட்டு ஸ்விட்சை என்னத் தவுர எவனும் தொடக் கூடாது. கையை ஒடிச்சிடுவேன்" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவள், "நல்லா வேணும். நானே ஒயரைப் புடுங்கிப் போட்டுடுவேன், பாத்துக்க" என்று தம்பியை அதட்டினாள். ஒயர் இழுத்தவள் என்கிற உரிமை அவளுக்கு. அதன் பிறகு நீல பல்பு பொய் சொல்லவில்லை. மற்ற விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன, நான் வழக்கம்போல் கத்தினேன்.

அவள் ப்ளஸ் டூ முடித்த அந்தக் கோடையில்தான் பேச்சு வந்தது. நல்ல மார்க் வாங்கியிருந்தாள். தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரிக்கல் படிக்கப் போகிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவருக்கும் ஆசைதான். அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு வரன் கொண்டு வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் குடும்பம். கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர்கள், மாடி வீடு, ஒரே பையன். அக்காவின் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. தம்பி பெண் நல்ல இடத்துக்குப் போக வேண்டும் என்கிற ஆசைதான்.

"படிப்பு?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க வூட்ல படிச்சது போதும்ன்றாங்க. பொட்டப் புள்ள இன்னா, கரண்ட்டு கம்பத்துலயா ஏறப் போவுது? இப்ப பேசி வெப்போம். பதினெட்டு முடிஞ்சதும் கல்யாணம்" என்றார் நாத்தனார். பிறகு தம்பியைப் பார்த்து, "இன்னாடா சொல்ற?" என்றார்.

அவர் குனிந்து தன் குட்டை விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். "வந்து பாக்கட்டும்கா" என்றார். அவ்வளவுதான். அக்கா சொன்னால் அவருக்கு வேறு பதில் வராது. பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவள் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

முறையாக நாள் குறித்து வருவதற்கு முன்னால், பெண்கள் மட்டும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தப் பக்கம் வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம் என்பது மாதிரி வருவார்கள். கூடையில் பூ மட்டும் இருக்கும். பெண் பிடித்திருந்தால் தலையில் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் முடிந்தது, அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அடுத்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போனார். எந்த நாள் என்று சொல்லவில்லை. நான் ரவையும் முந்திரியும் வாங்கி வைத்தேன், வைத்துவிட்டு அந்த டப்பாவைப் பார்க்கப் பிடிக்காமல் பரண் மேல் தள்ளினேன். வேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. நாத்தனாரிடம் அதைச் சொல்ல நான் யார்? சொல்ல வேண்டியவரே விரலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். புதன்கிழமை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். விட்டால் அப்புறம் கிடைக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சின்னவன் ஏரிக்கரையில் கிரிக்கெட். பெரியவள் மட்டும்தான் வீட்டில்.

"அத்தை வந்தா உக்கார வெச்சி தண்ணி குடு. நான் வந்துடறேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. "யாருமே படிக்கல, எதுக்கு எரியுது? நிறுத்து" என்று வழக்கம்போல் ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் படி இறங்கினேன்.

ரேஷன் கடையில் கூட்டம். கேனை நிரப்பிக்கொண்டு நான் தெருமுனைக்குத் திரும்பும்போது கம்பெனி பஸ் கூட்ரோட்டில் ஆளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. முனையில் இருக்கிற டீக்கடை பெஞ்சில் என் வீட்டுக்காரர் யூனிஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை, கையில் டீ. ஷிப்ட் விட்டால் கால் நிற்காமல் வீட்டுக்கு வந்து விழுகிற மனிதர். எனக்குப் பயமாகிவிட்டது.

"இன்னாங்க, இங்க உக்காந்துகினுகீறீங்க? வூட்டுக்குப் போவல?"

"எப்டிப் போறது?" என்றார். "நாந்தான் உள்ள தூங்கினுகீறேனே."

வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்தேன். அவர் தாடையால் தெருவைக் காட்டினார். அங்கிருந்து எங்கள் வாசல் நன்றாகத் தெரியும், ஆனால் கடைத் தட்டி மறைப்பதால் வாசலில் நிற்பவர்களுக்கு பெஞ்சு தெரியாது. நிலைக்கு மேலே நீல பல்பு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் கிடைத்த நிழலில் நாத்தனாரும் பட்டுப் புடவை கட்டிய மூன்று பெண்களும் நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் பூக்கூடை. எதிர்வீட்டம்மா அவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"யாரு போட்டது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"யாரு? ஒயர் இழுத்தவதான்."

"உங்க அக்கா தெருவுல நிக்கிறாங்க."

"தெரியுது." அவர் சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "எதிர்ல போய் நின்னேன்னா அக்கா கேக்கும். கேட்டா நான் சரின்னுடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். இங்கயே இருந்தா கேக்க முடியாது இல்ல?" டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீ வேணா போ. கதவைத் திற. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் தெருவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த உறவு வாசலில் நிற்கிறது, வீட்டுக்காரி முனையில் மண்ணெண்ணெய் கேனோடு நிற்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் நடந்தால் ஐம்பது அடி, கதவு திறந்துவிடும், பூ ஏறிவிடும்.

கேனைக் கீழே வைத்தேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தெருவுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. "எனக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்றேன். டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், டீயை ஆற்றினார்.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தபோது, நாத்தனார் தெருவைக் கடந்து எங்கள் கேட்டுக்கு வந்தார். கேட்டின் கொண்டியில் கையை வைத்தார். நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, பிறகு சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். என் வீட்டுக்காரர் டீ கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்காவின் பாசத்தையே பிடித்து அக்காவை நிறுத்தியது அவருக்கு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது.

மற்றதையெல்லாம் அன்று சாயங்காலம் எதிர்வீட்டம்மா வந்து ஒப்பித்தார். "உங்க வூட்டுக்காரரு காலைல பஸ்ஸுக்குப் போனதை எங்கண்ணால பாத்த மாரிதான் இருந்துச்சு. ஆனா பல்பு எரியுதே, அப்ப நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் போலகீதுன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார். தன் கண்ணை நம்பாமல் பல்பை நம்பினார், புண்ணியவதி. கதவைத் தட்டிப் பார்க்கலாமே என்று பையனின் அம்மா கேட்டிருக்கிறார். நாத்தனார் விடவில்லையாம். "எந்தம்பி தூக்கத்தைக் கெடுத்து ஒரு வாட்டி பட்டதே போதும்" என்றாராம். பூக்கூடையோடு வந்தவர்களுக்குச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றது பிடிக்கவில்லை. சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ ஏறிவிட்டார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

ஷிப்டை மாத்திட்டாங்கக்கா என்று இவர் சொன்னதை நாத்தனார் கடைசிவரை நம்பினார். அந்த வருடம் பெரியவள் கல்லூரியில் சேர்ந்த அன்று சுங்குவார்சத்திரத்திலிருந்து பெரிய டப்பா நிறைய முறுக்கு செய்து எடுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். "கம்பத்துல ஏறப் போறியாடி?" என்று கன்னத்தைக் கிள்ளினார். பெரியவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் இப்படி அழுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. அத்தை மேல் இத்தனை பாசமா என்று பூரித்துப்போனார். பாசம் இருந்ததும் நிஜம்தான்.

இப்போது அந்தத் தெருவில் நீல பல்பு ஒன்றுகூட இல்லை. எல்லார் வீட்டிலும் தனி அறை, கனத்த திரை. காய்கறி வண்டியில் மைக் கட்டியிருக்கிறார்கள், அது யார் தூக்கத்துக்கும் பயப்படுவதில்லை. அந்த ஒல்லி வெளிச்சத்துக்கு ஒரு தெருவே வாயை மூடிய காலத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக நினைவுக்கு வருவது அந்தப் புதன்கிழமை நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த நேரம்தான்.

ஆட்டோ முனையைத் தாண்டிப் போகிறவரை டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். பிறகு அவர் கேனை வாங்கிக்கொண்டார். கேட்டைத் திறந்தோம். நிலைக்கு மேலே நீல பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரே இருட்டு. டியூப் லைட் இல்லை. டி.வி. இல்லை. சமையற்கட்டில், குளியலறையில், கொல்லைப்புறத்தில் எங்கேயும் ஒரு விளக்கு எரியவில்லை. சத்தம் வரும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தாள். சொட்டுகிற குழாய்க்குக் கீழே சத்தம் கேட்காமல் இருக்கத் துணி போட்டிருந்தாள். இத்தனை வருடமாக நான் தொண்டை கிழியக் கத்திய அத்தனை சட்டமும் ஒன்று விடாமல் அன்றைக்கு அந்த வீட்டில் நடந்திருந்தது. நடுக்கூடத்தில் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்த்து வழிய அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கையை ஒடிப்பார் என்று எதிர்பார்த்த முகம் அது.

அவர் கேனை மூலையில் வைத்தார். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினார். ஷூவைக் கழற்றினார். அவள் பக்கமே திரும்பாமல், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, நான் தினமும் கத்துகிற அதே குரலில் சொன்னார்:

"வேலை முடிஞ்சா லைட்டை நிறுத்தணும்னு உங்கம்மா எத்தினி வாட்டிதான் சொல்லுவா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான், என் மகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரே ஒரு தடவை சொன்னதும் எழுந்து போய் விளக்கை நிறுத்தினாள்.